ஏழு கோட் கிளியர்

விபத்தான வண்டியை விபத்தே நடக்காத வண்டியாக மாற்ற வேண்டுமென்றால், பெரம்பலூரில் லியோ பிரபுவிடம்தான் போக வேண்டும். டேங்க் எவ்வளவு நசுங்கியிருந்தாலும் சரி, தட்டி எடுத்து, பட்டி பார்த்து, கலர் அடித்து, ஸ்டிக்கர் ஒட்டி, மேலே கிளியர் என்கிற நிறமில்லாத வார்னிஷை அடித்துக் கொடுத்தானென்றால், வண்டி விழுந்தது நிஜம்தானா என்று சொந்தக்காரனுக்கே சந்தேகம் வந்துவிடும். அப்பேர்ப்பட்ட கெட்டிக்காரன் எட்டு நாளாக ஒரு கிட்டாரின் தலையோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தான்.

கிட்டார் அவன் மனைவி ஏஞ்சல் மேரியுடையது. போன வருடம் அரியலூர் தாண்டி, அவளையும் கிட்டாரையும் பின்னால் ஏற்றிக்கொண்டு, ஒரு கையில் போனைப் பிடித்தபடி சிமென்ட் லாரியை முந்தப் போய் விழுந்தான். அவனுக்கு வெறும் சிராய்ப்பு. அவளுக்கு இடது கையில் இரண்டு விரல்கள் இன்றுவரை மடங்கவில்லை. கோயில் பாடற்குழுவில் அவள் வாசித்த கிட்டார் தலை முறிந்து தொங்கியது.

ஆஸ்பத்திரியில் மாமனார் சவரியார் விசாரித்தபோது, லியோ கொஞ்சமும் வாய் கூசாமல் சொன்னான்: "இவதான் மாமா, கிட்டார மாத்திப் புடிக்கறேன்னு அசைஞ்சா. வண்டி சாஞ்சிடுச்சு."

மயக்கம் தெளிந்தவளுக்கு முதலில் கிடைத்தது அப்பாவின் திட்டு. அவள் எவ்வளவோ சொல்லியும் எடுபடவில்லை. அந்தத் திட்டைக் கேட்டுக்கொண்டாவது கிடக்கிறேன், இவரோடு போகமாட்டேன் என்று வரதராசன்பேட்டையில் அப்பா வீட்டிலேயே தங்கிவிட்டாள். பத்து மாதம் ஆகிறது.

கிட்டாரைச் சரிசெய்து கொடுத்தால் வந்துவிடுவாள் என்று லியோ தானாகவே நினைத்துக்கொண்டான். வேறென்ன தெரியும் அவனுக்கு! முறிவைப் பசை போட்டு இறுக்கிக் கட்டி, கறுப்பு அடித்தான். முன்பு அந்தத் தலையில் அவள் பெயர் அவள் கையெழுத்திலேயே இருந்தது. பழைய போட்டோவிலிருந்து அதை எடுத்து, தண்ணீரில் ஊறவைத்து ஒட்டுகிற மெல்லிய ஸ்டிக்கராக அச்சடித்து வாங்கினான். பெட்ரோல் டேங்குக்கு அடிக்கிற பழக்கத்தில், ஒட்டியதன்மேல் ஒரேயடியாகக் கிளியரை அடித்தான். பெயர் சுருங்கிச் சுருண்டுவிட்டது.

சுரண்டி எடுத்து, மறுபடி கறுப்படித்து, இன்னொன்றை ஊறவைத்தான். விரலால் மெல்ல நகர்த்தி இடத்தில் உட்காரவைத்து, பஞ்சால் காற்றுக் குமிழை ஒற்றி எடுத்தான். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டான். இந்தமுறை கிளியரைச் சன்னமாகத் தூவித் தூவி அடித்தான். ஒவ்வொரு பூச்சும் காயும்வரை காத்திருந்து, ஏழு கோட். தேய்த்துப் பாலிஷ் போட்டதும் ஸ்டிக்கரின் விளிம்பு விரலுக்கே தட்டவில்லை. இந்தப் பொறுமையில் கால்வாசி ரோட்டில் இருந்திருந்தால் இந்த வேலையே வந்திருக்காது.

ஞாயிறு பூசை முடிந்த கையோடு மாமனார் வீட்டில் போய் நின்றான். சவரியார் கூடத்து மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஏஞ்சல் கிட்டாரை மடியில் வாங்கித் தன் பெயரைத் தடவினாள்.

"ஒடஞ்ச எடமே தெரியல."

"யாரு பாத்தாலும் தெரியாது" என்றான் பெருமையாக.

"இத வச்சு நான் என்னங்க பண்றது? வெரலு மடங்கலியே." கோபமில்லாமல்தான் கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு அப்பாகிட்ட உங்க வாயால சொல்லுங்க. அது போதும். துணிமணிய எடுத்துகிட்டு இப்பவே உங்ககூட வந்துடறேன்."

சவரியார் பேப்பரிலிருந்து நிமிர்ந்தார். "என்ன மாப்ள?"

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்தான். ஏஞ்சல் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல மாமா" என்றான். "ஏழு கோட்டு கிளியர் அடிச்சிருக்கேன். பேரு அழியவே அழியாது."

சவரியார் கிட்டாரை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் பண்ணிருக்காரு" என்று மகளிடம் நீட்டினார். "இந்தாம்மா. மறுபடியும் அசஞ்சு கிசஞ்சு கீழ போட்டுடாத."

ஏஞ்சல் கை நீட்டவில்லை. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். லியோ கிட்டாரை வாங்கி, தலையில் பதிந்திருந்த மாமனாரின் கைரேகையைச் சட்டை நுனியால் துடைத்தான்.