ஸ்டுடியோவுக்கு எங்கள் வீடு

ஒவ்வொரு பருவமும் எங்கள் துறைத்தலைவர் ஸ்டுடியோவில் வடிவமைத்துப் பழகக் காபிக் கடையைத்தான் கொடுப்பார். என்னிடம் இன்டீரியர் டிசைன் படிக்கிற பிள்ளைகளும் அரைத்த மாவையே அரைப்பார்கள்: மூங்கில் விளக்கு, செங்கல் சுவர், நான்கு தொட்டிச்செடி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இந்தத் தடவை ஒரு நிஜ வீட்டைக் குடுப்போம் சார். எங்க வீடு," என்றேன்.

"உங்க வீட்ல அப்படி என்னம்மா இருக்கு?"

"என் தம்பி இருக்கான்."

விபத்துக்குப் பிறகு தம்பிக்குச் சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். என்னோடுதான் இருக்கிறான். போன மாதம் திடீரென்று, "உனக்கு எதுக்குக்கா பாரமா இருக்கணும், ஏதாவது இல்லத்துல சேர்ந்துடறேன்" என்று ஆரம்பித்தான். அவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால். வீடு அவனுக்குத் தோதாக மாறினால் மனமும் மாறும் என்று நான் போட்ட கணக்கைத் தலைவரிடம் சொல்லவில்லை.

அவர் சம்மதித்ததும் திட்டக் குறிப்பை நானே எழுதினேன். கதவின் அகலம், நாற்காலி திரும்ப வேண்டிய வட்டம், சமையல் மேடையின் உயரம், ஒன்றும் விடவில்லை. பிள்ளைகள் வீட்டுக்கு வந்து டேப் பிடித்து அளந்தார்கள்.

அவர்கள் வரைந்த படங்களைச் சுவரில் மாட்டிய அன்று தம்பியை ஸ்டுடியோவுக்கு அழைத்துவந்தேன். ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்த்தான். நான் ஓரமாக உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அக்கா எங்க தூங்குவா?" என்றான்.

எழுந்து போய்ப் பார்த்தேன். என் அறை ஒரு படத்தில் பெரிய குளியலறை, இன்னொன்றில் உடற்பயிற்சிக் கூடம். நான் விடைத்தாள் திருத்தும் மேசை எதிலுமே இல்லை.

"குறிப்புல ஒருத்தர்தான் இருக்கறதா இருந்துச்சு சார். பயிற்சிக்காக அப்படின்னு நெனச்சோம்," என்று தம்பியிடம் சொன்னாள் ஒரு மாணவி.

உண்மைதான். 'வீட்டில் இருக்கிற எல்லோரையும் முதலில் எழுதுங்கள்' என்று வகுப்பில் தொண்டை வற்றக் கத்துகிறவள், என்னை எழுத மறந்திருந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. வெட்கத்தைவிடப் பயம் பெரிது: அவன் பாரம்தான் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டதே.

தம்பி நாற்காலியை அந்தப் பெண்ணின் பக்கம் திருப்பினான்.

"இவ இப்படித்தாம்மா. தனக்குன்னு ஒரு மேசைகூடக் கேக்கத் தெரியாது. நானும் போயிட்டா இவளுக்காக யாரு கேப்பா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளைகள் முன்னால்தான் அழுதேன்.

"நாளைக்கு டேப்போட வாங்க," என்றான் அவர்களிடம். "நான் வீட்லதான் இருப்பேன்."