ஐந்தாம் கட்டத்துக் கிடா

நான்கு கட்டங்கள் ஷர்மிளா பானு எதிர்பார்த்தபடி நடந்துகொண்டன. ஐந்தாவது மட்டும் சொல்பேச்சுக் கேளாமல் நின்றது.

திருச்சுழியிலிருந்து வீரசோழன் போகிற வழியில், கண்மாய்க்குக் கீழே கிடக்கும் உவர் நிலத்தைப் பற்றி யாரும் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. வெயிலில் வெள்ளை பூத்துக் கிடக்கும். விதைத்தால் முளைக்காது. அங்கே தானாக வருவது உவர்ப்புல்லும் உமரியும்தான். உமரி என்பது இலை தடித்த குட்டைச் செடி. கடித்தால் உப்புக் கரிக்கும். இவற்றை மேய ஆடுகள் வரும். இதற்காக ஒரு பெண் மதுரையில் போய் மூன்று வருஷம் ஆராய்ச்சி படிப்பாளா என்று வீரசோழனில் கேட்காதவர் பாக்கியில்லை. அவளுடைய அத்தா அப்துல் கனி கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் சிரித்துச் சமாளித்துவிட்டு, மகளிடம் மட்டும் கறாராக ஒரு தவணை சொல்லியிருந்தார். 1992 மார்ச்சுக்குள் ஆய்வேட்டை முடித்துக் கொடுத்தால் மேலே வேலை, படிப்பு எதுவானாலும் அவள் இஷ்டம். முடியாவிட்டால் பேசாமல் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே ஒருமுறை வந்து டீ குடித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

ஆடு மேயாவிட்டால் உமரி செழிக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பானுவுக்கு அதில் சந்தேகம். ஆடு புல்லைக் கடித்துக் குட்டையாக வைத்திருப்பதால்தான் உமரிக்கு வெயில் கிடைக்கிறது. ஆட்டைத் தடுத்தால் புல் மண்டி உமரியை அமுக்கிவிடும் என்பது அவள் எண்ணம். அதைக் காட்ட, உவர் நிலத்தில் ஒவ்வொன்றும் ஒரு வீட்டுமனை அளவில் ஐந்து கட்டங்கள் பிரித்து, சுற்றிலும் முள்வேலி போட்டு, ஒவ்வொன்றுக்கும் கதவாக ஒரு படல் வைத்தாள். காவலுக்குக் கருத்தம்மாள். கண்மாய்க்கரை ஊர்க்காரி, புருஷன் இல்லாதவள், நாற்பது வயதிருக்கும். தன் உடன்பிறந்த அண்ணனின் ஆடுகளையே கல்லெறிந்து விரட்டி, அண்ணன் வீட்டில் மூன்று மாதம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனவள். அவளைவிட நல்ல காவல் கிடைக்காது என்று பானு மதுரையில் பெருமை பேசியிருக்கிறாள்.

தை மாதம் கடைசிக் கணக்கெடுப்பு. நான்கு கட்டங்களில் புல் முழங்கால் உயரம்; உமரி அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏங்கிக் கிடந்தது. பானுவுக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. முந்தைய கணக்கெடுப்புகளில் ஐந்தாவது சற்று விலகித் தெரிந்தபோது மண்வாகு என்று விட்டிருந்தாள்; இப்போதோ அதில் புல் கத்தரித்துவிட்டாற்போல் குட்டையாக இருக்க, உமரி நுனி சிவந்து தளதளவென்று படர்ந்திருந்தது. போதாக்குறைக்கு நடுவில் ஆட்டுப் புழுக்கை.

பேராசிரியர் சௌந்தரபாண்டியன் ஜீப்பில் வந்து பார்த்தார். அவருக்கு ஒரு நிமிஷம்கூட யோசனை தேவைப்படவில்லை. காவல்காரியே ஆடு விட்டிருக்கிறாள் என்றார். ஒன்றில் விட்டவள் மற்ற நான்கில் விடவில்லை என்பதற்கு என்ன சாட்சி? ஐந்துமே செல்லாது, மூன்று வருஷமும் வீண் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

கருத்தம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டாள். ஒரு ஆடு, ஒரு மாடு உள்ளே வரவில்லை என்றாள் அவள், முகத்துக்கு நேரே. பானு குனிந்து புழுக்கையை எடுத்து நீட்டினாள். கருத்தம்மாள் அதைப் பார்த்தாள். முகம் வெளிறிப்போயிற்று.

"பொய் சொல்றீங்கக்கா. உங்கள நம்பி என் படிப்பே போச்சு. நாளையிலருந்து வராதீங்க."

கருத்தம்மாள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு நடந்தாள். அந்த நடையில்தான் பானுவுக்குக் கோபம் இன்னும் ஏறியது. திருடியவளுக்கு இத்தனை வீறாப்பா?

பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் கீதாரி சங்கையா டீ குடித்துக்கொண்டிருந்தார். எந்நேரமும் ஆட்டு மந்தையோடு திரிகிற மனுஷர். பானு ஆற்றாமையில் அவரிடம் கொட்டினாள். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளை விநோதமாகப் பார்த்தார்.

"அது கருப்பசாமி கிடா தாயி. கருத்தம்மா மகளுக்கு மூளக்காய்ச்சல் வந்தப்ப நேந்துவிட்டது. அதப் போயி யாரு ஆடுன்னு கணக்குல சேப்பாக?"

பானுவுக்கு அப்போதுதான் உறைத்தது. காது நுனி வெட்டுப்பட்ட அந்தக் கறுப்புக் கிடாவை அவளுக்கும் தெரியும். வீரசோழன் கடைத்தெருவரை வந்து பழக்கடையில் வாய் வைத்தாலும் யாரும் கை ஓங்க மாட்டார்கள். அத்தாகூட, அவுக சாமிக்கு விட்டது, விடுங்கப்பா என்பார். சங்கையா மீதியையும் சொன்னார். பிள்ளை கோயில்வரை தானாக நடந்து வந்தால் கிடா வெட்டுவதாக நேர்த்தி. அதுவரை கிடா போகிற இடமெல்லாம் அதற்குப் பாத்தியம். கட்டக்கூடாது, அடிக்கக்கூடாது, தடுக்கக்கூடாது. தடுத்தால் பிள்ளையை விட்டுப்போன நோய் திரும்பிவிடும். ஊருணிக்குப் போகிற வழியில் ஐந்தாவது கட்டம் இருக்கிறது. படலுக்கு முன்னால் அது வந்து நின்றால் பெற்றவள் என்ன செய்வாள்?

மறுநாள் முதல் பஸ்ஸுக்கே பானு வந்து இறங்கினாள். மன்னிப்புக் கேட்க வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு நடந்தவள், ஐந்தாவது கட்டத்தருகே வந்ததும் நின்றுவிட்டாள். கருத்தம்மாள் வேலியில் புது முள்ளை வைத்து அடைத்துக்கொண்டிருந்தாள். சற்றுத் தள்ளி, கருவேல மரத்து அடியில் கறுப்புக் கிடா. கழுத்தில் கயிறு. பிறந்ததிலிருந்து கயிறு காணாத பிராணி, மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தது.

கருத்தம்மாள் திரும்பினாள். கண்கள் வீங்கியிருந்தன.

"கட்டிப்புட்டேன் தாயி. உங்க படிப்பு என்னால கெட வேணாம். தண்டன குடுக்குறதா இருந்தா எனக்குக் குடு, புள்ளைய விட்ருன்னு சாமிகிட்டச் சொல்லிட்டுத்தான் கட்டுனேன்."

பானு ஓடிப்போய் முடிச்சைப் பிடித்தாள். கிடா இழுத்த இழுப்பில் அது இறுகிக் கிடந்தது. புல் அறுக்க வைத்திருந்த பன்னருவாளைப் பையிலிருந்து எடுத்துக் கயிற்றை அறுத்தாள். பிறகு கருத்தம்மாள் அப்போதுதான் வைத்த முள்ளை இரண்டு கையாலும் இழுத்துப் போட்டாள். கை கிழிந்தது. கருத்தம்மாள் பதறித் தடுக்க வந்தும் கேட்கவில்லை. கிடா உடம்பைச் சிலுப்பிவிட்டு, தன் வீட்டுக்குள் நுழைகிற மாதிரி உள்ளே போய்ப் புல்லில் வாயை வைத்தது. உமரியை மோந்து பார்த்து, ஒரே ஒரு கடி கடித்து விட்டுவிட்டது.

பானு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரே ஒரு ஆடு. வேறெதுவும் இல்லை. எப்போது வந்தது, எத்தனை நாள் வந்தது என்று மட்டும் தெரிந்தால் இந்தக் கட்டத்தைத் தள்ள வேண்டியதில்லை. ஒற்றை ஆட்டின் மேய்ச்சல் உமரியை இப்படித் தழைக்க வைக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பேராசிரியர் சிரித்தாலும் சரி, நடந்ததை நடந்தபடி எழுதிவிடுவது என்று முடிவு செய்தாள். நோட்டைப் பிரித்து, கிடா எப்போதிலிருந்து வருகிறது, நினைவிருக்கிறதா என்று கேட்டாள்.

கருத்தம்மாளுக்கா நினைவிருக்காது? போன வருஷத்துக்கு முந்தின தை அமாவாசைக்கு மறுநாள்தான் முதன்முதலாக வந்தது; அன்றைக்குத்தான் மகளை மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். மாசி மகத்திலிருந்து காலையும் மாலையும் வந்தது. பிள்ளை சுவரைப் பிடித்து எழுந்து நின்ற வாரம். சித்திரையில் காலை மட்டும். அப்போது அம்மா என்று மறுபடி கூப்பிடத் தொடங்கியிருந்தாள். பானு எழுதிக்கொண்டே போனாள். நடுவில் வராத நாள் உண்டா என்று கேட்டாள்.

"போன ஐப்பசியில எட்டு நாளு வரல. புள்ளைக்குத் திரும்ப வலிப்பு. படலத் தெறந்துவச்சுட்டு இங்கேயே உக்காந்திருந்தேன், வேற ஆடு நுழைஞ்சுறாம."

அந்த எட்டு நாளில் ஒருநாள் பானுவும் அங்கே வந்திருந்தாள். கருத்தம்மாளை அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னாள். அவளும் பிடித்தாள். பானு செடிகளை எண்ணிக் குறித்துக்கொண்டு மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

எழுதுகிற கை நின்றது. ஐந்து கட்டங்களிலும் உள்ள ஒவ்வொரு செடிக்கும் அவள் எண் கொடுத்து வைத்திருந்தாள். நோட்டை மூடினாள்.

"அக்கா, உங்க மக பேரு என்ன?"

"தங்கச்செல்வி" என்றாள் கருத்தம்மாள்.