பூஜ்யத்துக்குக் கீழே

மனைவியின் நைட்டியை முதுகுப்பக்கம் நீளமாக வெட்டி, நாடா வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார் தையல்காரர். இனி கை தூக்காமலே அவளுக்குப் போட்டுவிடலாம். டாக்டர் இன்றோ நாளையோ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவளோ, "குருவி ஏதாவது சொன்னாளா?" என்பதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

குருவி அவளுக்குக் கீழே வேலை பார்க்கும் பெண். ஓயாத வாய் என்பதால் அந்தப் பெயர். இன்று சோதனை விமானத்தோடு ஓடுதளத்தில் இருந்தாள்.

விமானத்தின் வயிற்றிலிருந்து கீழே அலை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கணக்கிட்டு உயரம் சொல்லும் கருவி. அந்தக் கணக்கைப் போடும் சிப்பை வடிவமைத்தவள் அவர் மனைவி. தரையை நெருங்க நெருங்க, அனுப்பும் அலையே கசிந்து எதிரொலியோடு கலந்து குழப்பும். அந்தக் கடைசிச் சில அடிகளோடுதான் வருஷக்கணக்காக மல்லுக்கட்டினாள்.

போன் மினுங்கியது. 'இறங்கி நின்னாச்சு. மைனஸ் ரெண்டு அடி.'

அவர் அதை இரண்டு முறை படித்தார். எந்த இஞ்ச் டேப்பில் பூஜ்யத்துக்குக் கீழே எண் இருக்கிறது?

"என்னவாம்?"

"இறங்கி நின்னதும் கச்சிதமா பூஜ்யமாம்!"

அவள் முகம் விழுந்துவிட்டது. "நின்னப்புறமா? அப்ப தப்பு." கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "பொய் சொன்னேன்டி. மைனஸ் ரெண்டு."

"யோவ் டெய்லர்!" சிரித்ததில் இருமல் வந்தது. "சக்கரம் தரையைத் தொடுறப்பதான் பூஜ்யம். அப்புறம் கனம் இறங்கி சக்கரக்காலு அமுங்கும். வயிறு இன்னும் கீழ வரும்ல? அதான் மைனஸ்."

"முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? குலை நடுங்கிப்போச்சு."

"நீ எனக்குப் பட்டனுக்குக் காஜா எடுக்கச் சொல்லிக்குடுத்தியா?"

"குடுத்தேன். நீதான் விரல்ல குத்திக்கிட்டு ஊரைக் கூட்டுன."

அவள் சற்று மூச்சு வாங்கினாள். "அடுத்த விமானத்துக்கும் இதையே போடச் சொல்லு. எதையும் மாத்த வேணாம்."

நைட்டியைப் போட்டுவிட்டார். "தோள் நல்லா உக்காந்திருக்கு," என்றாள். ஜன்னல் வெயில் கட்டிலை விட்டு இறங்குவதற்குள் மூச்சு நின்றிருந்தது. அவர் அவள் கையை விடவில்லை.

போன் அடித்தது.

"அண்ணா, அக்கா என்ன சொன்னாங்க?"

"இதையே போடச் சொன்னா. எதையும் மாத்த வேணாமாம்."

"அப்பாடா! அக்காகிட்ட ஒரு நிமிஷம் குடுங்களேன்."

"இரும்மா."

போனைத் தலையணையோரம் வைத்தார். போனுக்குள் குருவி அங்கே யாரிடமோ சளசளவென்று பேசிக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து, மனைவியின் தோளில் நீட்டிக்கொண்டிருந்த நூல் நுனியைப் பல்லால் கடித்து எடுத்தார்.