நாற்பத்து மூன்றாவது டோன்

"முன்னாடி நல்லா இருந்ததா, இப்ப நல்லா இருக்கா?"

இந்தக் கேள்வியைக் கண்ணாடிக்காரர் ஒரு நாளைக்கு எழுபது தடவையாவது கேட்பார். கேட்டே பிழைக்கிறவர் அவர். கீழே கடை, மேலே வீடு. வருகிறவர்களின் மூக்கில் ஒரு கனத்த வட்டச் சட்டத்தை மாட்டி, அதில் வில்லைகளைப் போட்டுப் போட்டு எடுத்து, எதிர்ச் சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்லுவார். இருபத்திரண்டு வருஷத் தொழிலில் அவர் கண்டுகொண்டது ஒன்று உண்டு. ஆறாவது வில்லைக்கு மேல் மனுஷன் கண்ணால் பார்ப்பதில்லை, வாயால்தான் பார்க்கிறான். அந்த நேரத்தில் அவர் பவரே இல்லாத வெறும் கண்ணாடி ஒன்றை எடுத்துச் செருகுவார். "இப்ப?" என்பார். "ஆங், இப்பதான் பளிச்சுனு இருக்கு!" என்று பதில் வரும். கண்ணாடிக்காரர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாது.

கணக்கு வாத்தியார் விஷயத்தில் இந்த வித்தையை ஒரு படி மேலே கொண்டுபோய்விட்டார். ரிட்டயரான வாத்தியார், புதுக் கண்ணாடி வாங்கிய நாலு மாசத்தில் ஆறு தடவை திரும்பி வந்தார். ஒரு மங்கல் இருக்கிறதாம். முதல் தடவை வில்லையை மாற்றிக் கொடுத்தது நிஜம். அடுத்த ஐந்து தடவையும் கண்ணாடியை வாங்கி, துடைத்து, ரெண்டு நாள் மேஜை டிராயருக்குள் வைத்திருந்து, அதையே எடுத்துக் கொடுத்தார். "மாத்திட்டேன் சார்." வாத்தியாரும் போட்டுப் பார்த்து, "இது கண்ணாடி! இதை முதல்லயே கொடுத்திருக்கக் கூடாதா?" என்று சந்தோஷமாகப் போவார். மூணு வாரத்தில் மறுபடியும் வாசலில் நிற்பார்.

"பாவங்க, அவரை ஏன் இப்படி ஏமாத்துறீங்க?" என்பாள் பில் போடும் மேஜையிலிருந்து மனைவி.

"ஏமாத்தலம்மா. மனசுக்கு வைத்தியம்."

இப்பேர்ப்பட்ட கெட்டிக்காரர்தான் ஒரு மூணு வாரம் மாட்டிக்கொண்டார்.

கல்யாணத்துக்கு முன்னால் அவர் மேடையில் கிட்டார் வாசித்தவர். பின்வரிசையில், பாதி இருட்டில். அவர் பெயர் கடைப் பலகையில் எழுதியிருப்பதோடு சரி, எந்தப் பாட்டிலும் வந்ததில்லை. அவர் மனைவியின் தம்பி டிரம்ஸ் வாசிக்கிறவன். சொந்தமாக ஒரு ரெக்கார்டிங் அறை வைத்திருக்கிறான். சின்ன வயசில் பாத்திரங்களை அடித்த அடியில் வீட்டார் வைத்த பெயர் இடி. நாற்பது வயசாகியும் அந்தப் பெயர் போகவில்லை. இடி ஒரு நாள் போன் செய்தான். "மாமா, நாலு பாட்டு போடறோம். ஒரு பாட்டுல நடுவுல பதினாறு பார், அரை நிமிஷத்துக்கு, கிட்டார் தனியா வருது. அது உங்களுக்குத்தான். பேரும் போட்டுடறேன்."

மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் இடது கையின் மோதிர விரல் அப்போது ஒழுங்காக இல்லை. மடக்கினால் மடங்கிய இடத்திலேயே நின்றுகொள்ளும். இன்னொரு கையால் பிடித்து இழுத்தால் டக்கென்று நிமிரும். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, "சின்ன ஆபரேஷன், பதினைஞ்சு நிமிஷம். தள்ளிப்போட்டா விரல் அப்படியே இறுகிடும்" என்று சொல்லித் தேதியும் கொடுத்தார்கள். கிட்டார்க்காரன் விரலில் கத்தியா? அவர் கேட்டுக்கொண்டு வந்ததோடு சரி. "பாட்டு முடியட்டும், போறேன்" என்று மூணு தடவை தேதியைத் தள்ளினார்.

அதனால்தான் ஒரு பெட்டியை வாங்கினார். கையளவு பெட்டி, மேலே ஆறு திருகு. பழைய ஆம்ப்ளிஃபயர்கள் எப்படியெல்லாம் சத்தம் போடுமோ அத்தனையும் உள்ளே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்களாம். அதைவிடப் பெரிய வசதி ஒன்று உண்டு. கிட்டாரின் வெறும் சத்தத்தைக் கம்ப்யூட்டரில் தனியாகப் பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு எப்போது வேண்டுமானாலும் அதைப் பெட்டிக்குள் திருப்பி அனுப்பி, சத்தத்தின் நிறத்தை மாற்றி, வேறு வேறு டோனில் எடுக்கலாம். ரீஆம்ப் என்று பெயர். விரல் ஒரே ஒரு தடவை வாசித்தால் போதும், டோனை ஆயிரம் தடவை மாற்றிக்கொள்ளலாம். விரல் மக்கர் பண்ணுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்!

ஒரு மதியம், கடையைச் சாத்திவிட்டு, மாடியில் படுக்கையறை பீரோ பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தார். மனைவி கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரே மூச்சில் பதினாறு பார். முடித்தபோது விரல் மடங்கியபடியே நின்றது. அவள் எழுந்து வந்து, அந்த விரலைப் பிடித்து மெதுவாக நிமிர்த்திவிட்டு, மறுபடி துணி மடிக்கப் போனாள். இன்னொரு தடவை வாசிக்க அந்த விரலால் ஆகாது என்பது ரெண்டு பேருக்கும் தெரியும்.

அன்றைக்கே, சும்மா பார்ப்போமென்று பெட்டியோடு வந்த முதல் டோனில் வாசிப்பைத் திருப்பி எடுத்து, கம்ப்யூட்டரில் தனி ஒலி வரியாகப் பிடித்து, இடிக்கு அனுப்பினார். ஒண்ணாம் நம்பர். கேட்டுவிட்டு அவரே முகத்தைச் சுளித்தார். "கம்பெனிக்காரன் போட்டுக் கொடுத்ததை வச்சு வாசிக்கிறதா? ரோட்டோரத்துல ரெடிமேட் கண்ணாடி வாங்கிப் போடற மாதிரி." ஏதோ ஒன்று குறைந்தது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை, ஆனால் குறைந்தது.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. தினம் மதியம் கடை சாத்தியதும் மாடிக்கு ஓடுவார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, திருகுகளைத் திருகுவார். "கண்ணை மூடினாத்தான் காது திறக்கும்" என்று கண்ணாடிக்காரரே சொன்னால் யார் என்ன பேசுவது? திருகி முடித்ததும் ஒரு நம்பர் போட்டுச் சேமிப்பார். நோட்டில் எழுதுவார். 'ஒன்பது: அடிவயிற்றில் சூடு பத்தவில்லை. பதினேழு: சூடு வந்தது, மூக்கால் பேசுகிறது. இருபத்தெட்டு: கிட்டே வந்துவிட்டோம்.' சாப்பாடு ஆறிப்போகும். ஆறின சாப்பாட்டைச் சாப்பிடும்போதும் வலது கை தட்டோரத்தில் எதையோ திருகிக்கொண்டிருக்கும்.

நம்பர் நம்பராக இடிக்கு அனுப்பிக் கேட்டார். "ஒன்பது நல்லா இருக்கா, பன்னெண்டு நல்லா இருக்கா?" "பன்னெண்டுதான் மாமா." "பன்னெண்டா, பத்தொன்பதா?" "பத்தொன்பது சூப்பர் மாமா." பையனுக்கு நல்ல காது என்று மனைவியிடம் பெருமையடித்தார். அவள் அவர் விரலுக்கு எண்ணெய் தடவிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பாட்டை முடித்துவிடுவதாக இடி கெடு வைத்தான். வியாழன் மதியம் நாற்பத்து மூணாம் நம்பர். கண்ணை மூடிக்கொண்டு இடது ஓரத் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருகினார். வந்தது! ரொம்ப நாளாகக் காணாமல் போன ஏதோ ஒன்று அடியிலிருந்து மெல்ல எழுந்து வந்தது. உடம்பெல்லாம் புல்லரித்தது.

"இதோ! இதேதான்! இப்ப வந்துடுச்சு பாரு அந்த கனம்!" என்று கத்தினார்.

"எதுல வந்துச்சு?" என்றாள் மனைவி. அவள் பக்கத்தில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்தத் திருகுலதான். கால் இன்ச்சுகூட இல்ல, அதுக்கே எவ்வளவு வித்தியாசம்!"

"அந்தப் பொட்டி ஒயரைப் பிடுங்கிட்டுத்தானே இஸ்திரி போடறேன்? இந்த ரூம்ல இருக்கிறது ஒரே பிளக்கு. பத்து நிமிஷமாச்சே."

கண்ணைத் திறந்தார். பெட்டி செத்துக் கிடந்தது. ஒரு விளக்குகூட இல்லை. ஹெட்போனில் மட்டும் கிட்டார் கனமாக, சூடாக, பிரமாதமாக ஓடிக்கொண்டிருந்தது.

பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்த மடிக் கம்ப்யூட்டரின் திரையை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தார். ஒன்றின் கீழ் ஒன்றாக மூணு ஒலி வரிகள் இருந்தன. முதல் வரி வெறும் கிட்டார். ரெண்டாவது, முதல் நாள் கம்பெனி டோனில் பிடித்து வைத்தது. மூணாவது, பெட்டியிலிருந்து இப்போது வருவது. மூணாவது வரி காதில் விழ ஒரு சின்னப் பொத்தானை அமுக்க வேண்டும். மூணு வாரமாக அதை அவர் அமுக்கவே இல்லை. அவர் கேட்டதெல்லாம் ரெண்டாவது வரி. சேமித்ததெல்லாமும் அதுதான். நாற்பத்து மூணு நம்பரும் ஒரே சத்தம், அரைத்த மாவையே அரைத்த கதை. சூடு, மூக்கு, அடிவயிறு எல்லாம் நோட்டில் மட்டும்தான்.

வெறும் கண்ணாடியைச் செருகிவிட்டு "இப்ப?" என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். "பளிச்சுனு இருக்கு" என்று அவரும் சொல்லியிருக்கிறார். காது நுனி வரை சிவந்துபோனது.

இஸ்திரிப்பெட்டியைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைச் செருகினார். பொத்தானை அமுக்கினார். இப்போது திருகினால் நிஜமாகவே மாறியது. கூர்மையாக்கினார், மழுக்கினார், எதிரொலி வைத்தார். எதை மாற்றினாலும் அந்தக் குறை மட்டும் அப்படியே நின்றது. கடைசியில் பெட்டியை அணைத்துவிட்டு, முதல் வரியை, ஒப்பனையில்லாத வெறும் கிட்டாரை மட்டும் கேட்டார். பதினோராவது பாரில் விரல் மாட்டிக்கொண்டது. ஒரு சுரம் தாமதமாக வந்து, அதுவும் சரியாக அழுந்தாமல் பிசிறியது. அதற்கப்புறம் வந்ததெல்லாம் பயந்து பயந்து வாசித்த வாசிப்பு.

ஹெட்போனைக் கழற்றி மனைவி தலையில் மாட்டினார். "கேளு. ஏதாவது தெரியுதா?"

அவள் கேட்டாள். ரொம்ப நேரம்கூட இல்லை. "இந்த இடத்துல விரல் பிடிச்சுக்கிச்சு" என்றாள். "அன்னிக்கு நீங்க வாசிக்கும்போதே தெரிஞ்சுது."

"தெரிஞ்சா சொல்றதுக்கென்ன?"

"நீங்க டோன் எப்படி இருக்குன்னுதானே கேட்டீங்க? விரல் எப்படி இருக்குன்னு என்னைக்காவது கேட்டீங்களா?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் கூடத்தை நாற்பத்து மூணு தடவை இடித்துக் கட்டியிருக்கிறார். இடிக்குப் போன் போட்டார்.

"டேய், எல்லாமே ஒரே சத்தம்டா. ஒரு பொத்தானை அமுக்காம விட்டுட்டேன். அதோட பதினோராவது பார்ல..."

"லேட்டா இருக்கு, தெரியும் மாமா. முதல் நாளே அந்தச் சுரத்தைக் கம்ப்யூட்டர்ல மௌஸால இழுத்துச் சரியான இடத்துல வச்சுட்டேன். ஒண்ணாம் நம்பரையே பாட்டுல போட்டாச்சு. நல்ல டோன்தான் அது."

"அப்ப பன்னெண்டு, பத்தொன்பது?"

இடி குரலைத் தாழ்த்தினான். "ரெண்டாம் நம்பருக்கு மேல நான் திறந்தே பாக்கல மாமா. அக்காதான் சொன்னா, மாமா சந்தோஷமா இருக்காரு, எதுவும் சொல்லாதடான்னு."

மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் சட்டைக் காலரை மடித்துக்கொண்டிருந்தாள்.

"மனசுக்கு வைத்தியங்க" என்றாள். "ஒரு வாரத்துல முடிச்சுட்டு ஆஸ்பத்திரிக்கு வருவீங்கன்னு நினைச்சேன். நாப்பத்து மூணு வரைக்கும் போவீங்கன்னு யார் கண்டா?"

"என் பேரு வருமா?" என்று போனில் கேட்டார். குரல் அவருக்கே சின்னதாகக் கேட்டது.

"வரும் மாமா. கிட்டார்னு போட்டு உங்க பேருதான்."

இருபத்திரண்டு வருஷமாக ஏங்கின வார்த்தை அது. இனிக்கத்தான் செய்தது, ஆனால் நினைத்த அளவுக்கு இல்லை. இடி மௌஸால் இழுத்து வைத்த அந்தச் சுரத்தை நினைத்ததும் கொஞ்சம் கசந்தது.

வெள்ளிக்கிழமை காலை கடை திறந்ததும் வாத்தியார் நின்றார். ஏழாவது தடவை. "நல்லாத்தான் இருந்துச்சு. மறுபடி அதே மங்கல். இன்னொரு வில்லை போட்டுப் பாருங்களேன்."

கை பழக்கத்தில் டிராயர் பக்கம் போனது. போன கையைத் திருப்பிக்கொண்டார். வாத்தியாரை உட்காரவைத்து, எழுத்துப் பலகையின் விளக்கை அணைத்துவிட்டு, சின்ன விளக்கை எடுத்து அவர் கண்ணுக்குள்ளேயே அடித்துப் பார்த்தார். நாலு மாசத்தில் இதை ஒரு தடவைகூடச் செய்யவில்லை. வலது கண்ணின் நடுவில் பாலாடை மாதிரி ஒரு வெளுப்பு படர்ந்திருந்தது.

கையிலிருந்த விளக்கை அணைத்துக் கீழே வைத்தார். "சார், கோளாறு கண்ணாடியில இல்ல. கண்ணுல புரை விழுந்திருக்கு. ஆபரேஷன் பண்ணினா சரியாயிடும். ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றார் வாத்தியார்.

நீங்க கண்ணாடியைப் பத்தித்தானே கேட்டீங்க என்று நாக்கு நுனி வரை வந்தது. பில் மேஜையிலிருந்து ஒரு செருமல் கேட்டது. அவர் அதை விழுங்கினார்.

"என் தப்பு சார். பார்த்திருக்கணும், பார்க்கல" என்றார். "ஒரே வில்லையைத்தான் அஞ்சு தடவை துடைச்சுத் துடைச்சுக் கொடுத்தேன்."

வாத்தியார் அவரை ரொம்ப நேரம் பார்த்தார், அந்த மங்கலுக்குள்ளிருந்து. "எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு" என்றார் மெதுவாக. "கண்ணாடின்னு நினைச்சுக்கிட்டா கத்தி வேண்டாமே."

கண்ணாடிக்காரருக்கு மேஜைக்கடியில் மோதிர விரல் மடங்கி நின்றிருந்தது. அதை இன்னொரு கையால் பிடித்து நிமிர்த்தினார். டக்கென்ற அந்தச் சத்தம் வாத்தியாருக்கும் கேட்டது.

மனைவி அதற்குள் போனை எடுத்து எண்ணை அழுத்திவிட்டாள்.

"ஆஸ்பத்திரிங்களா? திங்கட்கிழமைக்கு ரெண்டு பேருக்கு எழுதிக்குங்க. ஒருத்தருக்குக் கண்ணு, ஒருத்தருக்கு விரல். ரெண்டு பேருமே இந்தத் தடவை கண்டிப்பா வருவாங்க."