நீல வாளி ஏழாம் மாடியில்

‘குழாயடி’ செல்போன் விளையாட்டின் ஏழாம் பாகத்தை வந்தனா தனிப்பொறுப்பில் செய்திருந்தாள். பதினான்கு ஆண்டுகளாக ஒரே கதைதான்: குடத்தோடு ஓடு, வரிசையில் இடம் பிடி, தண்ணீர் நிற்பதற்குள் நிரப்பு. இந்த முறை குழாயடியை அடுக்குமாடிக் கட்டடத்துக்கு ஏற்றியிருந்தாள். இன்றைய சோதனையில் பழைய ஆட்டக்காரர்கள் முகம் சுளித்தால் தொடரையே மூடிவிடுவதாக முதலாளி சந்திரமௌலி சொல்லியிருந்தார்.

அவர் மும்பை மாட்டுங்காவிலிருந்து செம்பூர் அலுவலகத்துக்கு நாற்பத்தொரு சிலைடுகளோடு வந்தார். “மரபுங்கறது வேர், வந்தனா. புதுமைங்கறது கிளை.” இரண்டாவது சிலைடில் மரமே இருந்தது. வாழ்நாளில் குடம் தூக்காதவர் என்பதால் தண்ணீர் விஷயத்தில் அவருக்குக் குழப்பமே கிடையாது. வரிசையை எடுத்துவிட்டு டோக்கன் வைக்கச் சொன்னவரும் அவரே.

ஆட வந்தவள் பிரேமலதா. தாராவியில் பை தைக்கும் பட்டறையில் வேலை. ஆறு பாகமும் முடித்தவள். நான்கே நிமிடத்தில் போனைக் கீழே வைத்தாள்.

“என்னக்கா, மாடிக் கட்டடம் பிடிக்கலையா?” என்றாள் வந்தனா.

“மாடி நல்லாத்தாம்மா இருக்கு. குடிசைய இடிச்சிட்டு எங்களையும் மாடிக்குத்தான் அனுப்பப் போறாவளாம். ஆனா டோக்கன வாங்கிட்டு உக்காந்திருக்கதுக்கு நான் பேங்குக்கே போவேனே! எடம் பிடிக்க வரிசையில போட்டு வைப்போம்லா, நீல வாளி, அது எங்க? எதிர்வீட்டுக்காரி அத எத்தணும், நான் ஓடியாந்து வையணும்.”

“அதெல்லாம் பழசும்மா,” என்றார் சந்திரமௌலி.

“தண்ணியும் பழசுதான் சார்.”

அவர் சாப்பிடப் போனார். வந்தனா சாப்பிடவில்லை. ஆட்டத்திலிருந்து டோக்கனைத் தூக்கினாள், ஓட்டை விழுந்த நீல வாளியை ஏழாம் மாடிக் குழாயடியில், லிஃப்டுக்கு நேரே வைத்தாள். முன்பெல்லாம் எதிர்வீட்டுக்காரி உதைத்தால் வாளி நாலடி தள்ளிப்போகும். இப்போது லிஃப்டுக்குள் விழுந்து பதினேழாம் மாடிக்குப் போய்விடும்.

“அடி சண்டாளி! பதினேழுக்கா அனுப்புத? இரு, வாரேன்!” பிரேமலதா தோற்றாள். மறுபடி ஆடினாள். மறுபடியும் தோற்றாள். வைத்த டீ ஆடை கட்டியது.

திரும்பி வந்த சந்திரமௌலி சற்றுநேரம் பார்த்தார். பிறகு மடிக்கணினியைத் திறந்து, இரண்டாவது சிலைடின் மரத்தடியில் ஒரு நீல வாளியை ஒட்டினார்.

“வேர்னு நான் அப்பவே சொன்னேனோல்லியோ? எட்டாம் பாகத்துலயும் இருக்கட்டும்.”

“எட்டு வருமா சார்?”

அவர் பதில் சொல்வதற்குள் பிரேமலதா தலைநிமிராமல் கையை ஆட்டினாள்.

“சார், வெளிச்சத்த மறைக்காதிய. லிஃப்டு வருது.”

சந்திரமௌலி ஒதுங்கி நின்றார்.