முதுகில் அடிக்கக் கூடாது

சோமனூரில் உம்மல் குல்சும் நர்ஸின் கைராசியைப் பேசாத வாய் கிடையாது. அழாமல் பிறந்த பிள்ளையைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, முதுகில் ரெண்டு போடு போட்டால் வீல் என்று கத்தும். கத்தாதது போய்ச் சேரும். அது விதி என்று ஊரும் சொன்னது, அவளும் நம்பினாள். போன வருஷம் ராசாத்தாளின் தலைப்பிள்ளை அப்படித்தான் போனது.

போன வாரம் கோயமுத்தூரில் ரெண்டு நாள் பயிற்சி என்று உட்காரவைத்து, அவளுடைய இருபது வருஷப் பழக்கத்தை ஒரே தாளில் அடித்துவிட்டார்கள். தொங்கவிடாதே, அடிக்காதே. துடை, தலையை நேராக வை, மூச்சு வராவிட்டால் மூக்கு வாயில் மாஸ்க்கை வைத்து, அதில் மாட்டிய ரப்பர்ப் பையை அழுத்திக் காற்றுக் கொடு. பயிற்சிக்கு வைத்திருந்த பிள்ளைப் பொம்மையை நினைத்து, “ரப்பர் பொம்மைக்கு எல்லாஞ் சரிதான்” என்று முனகிக்கொண்டுதான் பஸ் ஏறினாள்.

இன்றைக்கு ஊர் ஆஸ்பத்திரியில் ராசாத்தாளின் இரண்டாவது பிள்ளை நீலம் பாரித்து, ஈரத்துணி மாதிரித் துவண்டு வந்து விழுந்தது. டாக்டரம்மா சிங்காநல்லூர் போயிருந்தார். குல்சுமின் கை தானாகவே பிள்ளையின் கணுக்காலுக்குப் போனது.

“ஏனுங்க சிஸ்டர், ரெண்டு தட்டு தட்டுங்க! சத்தத்தையே காணமுங்களே!” கதவுக்கு வெளியே ராசாத்தாளின் புருஷன் கந்தப்பன் பதறினான்.

கையை இழுத்துக்கொண்டாள். துடைத்தாள். தோளுக்கடியில் துணியை மடித்து வைத்தாள். வாயையும் மூக்கையும் ரப்பர்க் குமிழால் உறிஞ்சிச் சுத்தம் செய்தாள். அசைவில்லை. மாஸ்க்கை வைத்துப் பையை அழுத்தினாள். நெஞ்சு எழும்பவே இல்லை. பேசாமல் அடித்திருக்கலாமோ? தலையை ஒரு விரல்கடை நிமிர்த்தி மறுபடி அழுத்தினாள். அந்தச் சின்ன நெஞ்சு ஏறி இறங்கியது.

இதயத்தைக் கேட்கலாமென்றால் பக்கத்துத் தறிச்சத்தம் விடவில்லை. தொப்புள்கொடியின் அடியைத் தொட்டுப் பார்த்தாள். துடிப்பு மந்தமாக இருந்தது. அழுத்தினாள், தொட்டாள், மறுபடி அழுத்தினாள். துடிப்பு வேகம் பிடித்தது. பிள்ளை முகத்தைச் சுளித்து அழுதது.

“உங்க கைராசியே ராசிங்க!” என்று கும்பிட்டான் கந்தப்பன்.

ராசாத்தாள் பிள்ளையை வாங்கிக்கொண்டு, அதன் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்தாள். பிறகு கேட்டாள்: “ஏனுங்க்கா, மொதப் புள்ளைக்கும் இப்படிக் காத்துக் குடுத்திருந்தா?”

விதி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். குல்சும் கட்டிலோரத்தில் உட்கார்ந்தாள்.

“பொழைச்சிருக்கலாம் அம்மணி. எனக்கு அப்பத் தெரியாமப் போச்சு. அடிச்சுப்போட்டேன்.”

ராசாத்தாள் பிள்ளையை இறுக அணைத்துக்கொண்டு, சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.