சிவப்பு நூல் கட்டிய பூ

நிறம் பார்ப்பதில் செந்தில்வேலை மிஞ்ச அந்தச் சாயப்பட்டறையில் ஆள் கிடையாது. நீலம் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், "எந்த நீலமுங்க?" என்று கேட்டே சாகடிப்பார். போன் படத்தைக் காட்டினாலோ தொலைந்தோம். அசலைக் கொண்டா, நிறம் ஒப்பிடும் விளக்குப் பெட்டியில் வை, அப்புறம் பேசு.

இந்த முறை அசல் ஆனைமலையில் இருந்தது. அழியப்போகிற ஒரு காட்டுக் காசித்தும்பை. அதைக் காப்பாற்றச் சொல்லும் வாசகம் போட்ட பனியனுக்கு அந்தப் பூவின் நிறமேதான் வேண்டும் என்று ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக்காரர் ஒற்றைக்காலில் நின்றார். நாளைக்குள் வேண்டுமாம்.

மலையில் அந்தச் செடியை வளர்ப்பவள் மைதிலி, கணியூர்க்காரப் பெண். "பாருங்கண்ணா, தொட்டுராதீங்க," என்று சொல்லிவிட்டு டீ போடப் போனாள். ஒரே செடி, ஏழு பூ. செந்தில்வேல் நிற அட்டையை விரித்தார். மூடுபனியில் நிறம் கண்ணாமூச்சி காட்டியது. ஒரு பார்வைக்கு ஊதா, மறு பார்வைக்கு நீலம்.

அப்போதுதான் கவனித்தார். ஒரு பூவின் காம்பில் மட்டும் சிவப்பு நூல் கட்டியிருந்தது.

இருபது வருஷமாகப் பார்த்த சங்கதிதான். துணியில் ஓட்டை இருந்தால் செக்கிங் பெண்கள் ஓரத்தில் சிவப்பு நூல் கட்டுவார்கள். கட்டினது டேமேஜ், கழித்துவிடலாம். நல்ல மனுசன், நல்ல பூ ஆறையும் விட்டுவிட்டுக் கழிவை மட்டும் கிள்ளி, ஈரப் பஞ்சோடு டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் நிறம் முதல் தடவையிலேயே தேறியது. பட்டறையே கைகுலுக்கிக்கொண்டிருந்தபோது மைதிலி வந்து நின்றாள். அழுது வீங்கிய முகம்.

"அண்ணா, நூல் கட்டுன பூவ நீங்களா கிள்ளுனீங்க?"

"ஆமாங்க. நல்லதத் தொடலீங்க, சத்தியமா. டேமேஜ் மட்டுந்தான்," என்றார், பெருமையாகவே.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"எதிர்ச்சரிவுல இன்னொரு செடி இருந்துச்சுங்கண்ணா. உலகத்துலயே மிச்சம் இந்த ரெண்டுதான். அதோட மகரந்தத்த எடுத்து இதுக்கு வெச்சேன். ஒரு பூவுக்குத்தான் பத்துச்சு. விதை எதுல வருதுன்னு தெரியத்தான் நூல் கட்டுனேன். தன் மகரந்தத்துல இது காய்க்காது, மத்த ஆறும் சும்மா பூத்து உதிர்ந்துரும்."

"மறுக்கா எடுத்துட்டு வரலாமுங்களே?"

"போன வாரம் மண்ணு சரிஞ்சு அந்தச் செடி போயிருச்சு. கார்த்திகையோட இதுவும் காஞ்சுரும்."

பட்டறையில் செந்தில்வேல் சரிசெய்யாத பிழை இல்லை. நிறம் மங்கினால் சாயத்தில் இன்னொரு முக்கு. திட்டுத் திட்டாகப் போனால் கறுப்பை ஏற்றிவிடலாம்.

"ஒண்ணுமே பண்ண முடியாதுங்களா?"

"இல்லீங்கண்ணா."

விளக்குப் பெட்டிக்குள் பூ இன்னும் வாடவில்லை. பக்கத்தில் அவர் சாயமிட்ட துணி. இரண்டுக்கும் இம்மி வித்தியாசம் இல்லை. அவர் பெட்டியின் விளக்கை அணைத்தார்.

கீழேயிருந்து மிஷின்காரர் குரல் கொடுத்தார். "அண்ணா, பத்தாயிரம் பனியனுக்கும் இதே கலர் ஓட்டிறலாங்களா?"

"ஓட்டுங்க," என்றார் செந்தில்வேல். "இனி அந்தக் கலரு அதுல மட்டுந்தான் இருக்கும்."